வறண்டு பறந்தால் வயிறு புரட்டும்: கிளைடரில் குமட்டலும் குடிதண்ணீரும்

மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு பக்கத்திலிருந்து சனிக்கிழமை விடியலில் புனே வண்டி பிடித்து, எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரில் பறக்கப் போகிறவர்களில் நிறையப் பேர் வீட்டிலேயே இரண்டு முடிவுகளை எடுத்துவிடுகிறார்கள். வாந்தி வந்துவிடுமோ என்று வெறும் வயிற்றோடு கிளம்புவது ஒன்று. மேலே போனால் ஒன்றுக்குப் போக வழியில்லை என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வது இன்னொன்று. இரண்டுமே தவறு. காய்ந்த உடம்பும் காலி வயிறும் சூடும் சேர்ந்தால், சாதாரணமாகத் தாங்கக்கூடிய ஆட்டம்கூட குமட்டலாக மாறிவிடும். பிறகு குமட்டுகிறதே என்று இன்னும் கொஞ்சம் தண்ணீரைக் குறைப்பார்கள். அடுத்த முறை இன்னும் மோசமாகும். இந்தச் சுழலை எங்கே உடைப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் குமட்டல் ஏன் வருகிறது என்று பார்ப்போம். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அவற்றுக்குள் உள்ள நீர் பின்தங்குவதை வைத்துத்தான் 'திரும்புகிறோம்' என்று மூளைக்குத் தெரிகிறது. ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தால் 10 முதல் 20 வினாடிக்குள் அந்த நீரும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும். காது 'நேராகப் போகிறோம்' என்று சொல்லும். கண்ணோ கீழே வயலும் வாய்க்காலும் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். தெர்மலில், அதாவது வெயிலில் சூடாகி மேலெழும் காற்றில், சுற்றிச் சுற்றி ஏறும்போது நாம் செய்வது இதைத்தான். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் 45 டிகிரி சாய்த்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 16 வினாடி. 30 டிகிரி சாய்வில் 28 வினாடி. 45 டிகிரியில் பத்து நிமிடம் ஏறினால் கிட்டத்தட்ட 37 சுற்று. உடம்பின் எடையும் 1.4 மடங்காகத் தெரியும்.

இந்தச் சுற்றைவிட மோசமானது, சுற்றும்போது தலையைக் குனிவது. குழாய்களில் ஒன்று அடங்கியிருக்கும் நேரத்தில் தலை சாய்ந்தால் இன்னொன்று கிளம்பிவிடும். விமானம் குட்டிக்கரணம் போடுவதுபோல ஒரு உணர்வு வரும். மடியில் இருக்கும் வரைபடத்தைப் பார்ப்பது, கீழே விழுந்த பேனாவைத் தேடுவது, போனில் படம் எடுப்பது எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். மேலும் கீழுமாக ஆடும் ஆட்டத்திலும் ஒரு மோசமான வேகம் உண்டு. வினாடிக்கு ஏறத்தாழ 0.2 முறை, அதாவது ஐந்து வினாடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கும் மெதுவான ஆட்டம்தான் மனிதனுக்கு அதிகமாகக் குமட்டலைத் தருகிறது. கடகடவென்று நடுங்கும் அதிர்ச்சி அவ்வளவு தொந்தரவு செய்யாது. படகில் வயிறு புரட்டுவதற்கும் இதே காரணம்தான்.

ஸ்டிக்கை, அதாவது கிளைடரைச் சாய்த்துத் திருப்பும் கட்டுப்பாட்டுக் கோலைப் பிடித்திருப்பவருக்குக் குறைவாகவும் முன் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு அதிகமாகவும் வருவது எல்லாக் களத்திலும் தெரிந்த விஷயம். ஓட்டுகிறவருக்கு அடுத்த நொடி எந்தப் பக்கம் சாயும் என்று தெரியும். அதனால் பயணிக்குக் குமட்டத் தொடங்கினால் முதல் மருந்து கட்டுப்பாட்டைக் கொஞ்ச நேரம் அவர் கையில் கொடுப்பது. அடிவானத்தில் ஒரு குன்றைக் காட்டி, 'கிளைடரின் மூக்கை அதற்கு நேராக வைத்திருங்கள்' என்று சொன்னால் போதும். கண்ணுக்கும் கைக்கும் ஒரு வேலை கிடைத்துவிடும்.

அறிகுறிகளின் வரிசையை இரட்டை இருக்கையில் ஓட்டுகிற எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். உடம்பில் முதலில் தெரிவது கொட்டாவி. அப்புறம் ஏப்பம், உள்ளங்கையில் பிசுபிசுப்பு, நெற்றியில் குளிர்ந்த வியர்வை. உதட்டைச் சுற்றி நிறம் மங்கும். வாயில் எச்சில் ஊறும். எச்சில் ஊற ஆரம்பித்தால் வாந்திக்குச் சில நிமிடம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது பேச்சு குறைவது. 'அது என்ன ஏரி, இது என்ன கோட்டை' என்று கேட்டுக்கொண்டிருந்தவர் 'ம்' என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தால் தெர்மலை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பின் இருக்கையிலிருந்து அவர் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை ஏதாவது கேளுங்கள். 'குமட்டுகிறதா' என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் வந்துவிடும்.

வெளியே வந்ததும் இறக்கையை மட்டமாக்கி நேராகப் பறக்க வேண்டும். கேனபியின் (காக்பிட்டை மூடும் கண்ணாடி போன்ற மூடி) காற்று ஜன்னலை முழுக்கத் திறந்து காற்று முகத்தில் அடிக்கும்படி திருப்புங்கள். தலையை இருக்கையில் சாய்த்து அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். பார்வை அடிவானத்தில் இருக்கட்டும். கண்ணை மூடுவது சிலருக்கு உதவும். ஓட்டுகிறவருக்கு அந்த வழி கிடையாது. இரண்டு மூன்று நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இறக்கையிலிருந்து எழும்பி உயரத்தைக் குறைக்கும் ஏர்பிரேக்கைத் திறந்து சீராக இறங்கிவிட வேண்டியதுதான். முதல் முறை வருபவருக்கு 15, 20 நிமிடம் போதும். அதுவும் காலை பதினொரு மணிக்கு முன், தெர்மல் முரட்டுத்தனம் பிடிக்காத நேரத்தில், 30 டிகிரிக்குள் சாய்வோடு பறக்க வேண்டும். மதியம் இரண்டு மணி தெர்மலில் ஏற்றிக் காட்டி அசத்த நினைப்பது பயணிக்குச் செய்யும் கொடுமை.

தனியாகப் பறக்கும்போது வந்தால்? உயரத்திலேயே முடித்துக்கொள்ளப் பாருங்கள். ஸ்டிக்கை அழுத்தாமலே வேகம் நிலைக்கும்படி டிரிம்மைச் சரிசெய்து நேராகப் பறக்க விட்டு, ஸ்டிக்கில் வலது கை, பையில் இடது கை. பெல்ட்டை அவிழ்க்கவே கூடாது. வாந்தி எடுத்தபின் கொஞ்ச நேரம் தெளிவாக இருக்கும். அந்த நேரத்தை அடுத்த தெர்மல் தேடச் செலவழிக்காமல் களத்துக்குத் திரும்பி இறங்கப் பயன்படுத்துங்கள். தரை நெருங்கும் நேரத்தில், கடைசித் திருப்பத்தில் குனிந்து பையைத் தேடுகிற நிலைமை வரக்கூடாது.

அந்தப் பை விஷயம் சின்னதாகத் தெரியும், அப்படியல்ல. ஜிப் வைத்த ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. உள்ளே இரண்டு டிஷ்யூ அல்லது குழந்தை டயப்பரிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. ஈரத்தை உடனே கட்டியாக்கிவிடும், கவிழ்ந்தாலும் ஓடாது. வைக்க வேண்டிய இடம் இடது தொடைப் பாக்கெட். கையுறையோடு, ஒரே கையால் திறக்க வருகிறதா என்று தரையிலேயே நான்கைந்து முறை செய்து பாருங்கள். ஜன்னல் வழியாக எதையும் வெளியே எறியக் கூடாது. காற்று திரும்ப உள்ளே அடிக்கும். இல்லையென்றால் வால் பக்கம் போய் ஒட்டும்.

தவறி சிந்திவிட்டால் துடைத்துவிட்டுப் போகக் கூடாது. இருக்கைத் தட்டைக் கழற்றி, அடியில் ஓடும் கட்டுப்பாட்டுக் கம்பிகளையும் மூட்டுகளையும் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்துக் காயவைத்து, பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். பாராசூட்டில் பட்டிருந்தால் அதை அன்றைக்கு ஒதுக்கி வைத்து, மடித்துத் தருபவரிடம் அனுப்ப வேண்டும். அதன் துணி நைலான். வயிற்று அமிலம் நைலானுக்கு எதிரி. கை சானிடைசர், ஆல்கஹால் துடைப்பான் எதையும் கேனபியில் படவிடாதீர்கள். அக்ரிலிக்கில் தலைமுடி அளவு விரிசல்கள் விழுந்து, வெயிலுக்கு எதிராகப் பறக்கும்போது எதுவும் தெரியாமல் போகும்.

மருந்து பற்றி ஒரு பத்தி போதும். பயணக் குமட்டலுக்கு மெடிக்கல் கடையில் கிடைக்கும் புரோமெதசின், டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின், சின்னரிசின் எல்லாமே தூக்கத்தைத் தருபவை. ஓட்டுகிறவர் போடவே கூடாது. 'எனக்குத் தூக்கம் வராது' என்பவருக்கும் கை தாமதிக்கும். அது அவருக்கே தெரியாது. பயணி, மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடலாம். ஆனால் மருந்துக்குத் தகுந்தபடி, ஏறுவதற்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் முன்னால். குமட்டல் தொடங்கியபின் வயிறு இயக்கத்தை நிறுத்திவிடுவதால் மாத்திரை அங்கேயே கிடக்கும். வாந்திக்கு வழக்கமாக எழுதித் தரும் ஒண்டான்செட்ரான் இந்த வகைக் குமட்டலைத் தடுப்பதில்லை. இஞ்சிக்கு ஆதாரம் முன்னும் பின்னுமாக இருக்கிறது. கெடுதல் இல்லை, தூக்கம் வராது. மாட்டுங்கா கடைகளில் கிடைக்கிற இஞ்சி மரப்பா ஒரு துண்டை மெதுவாகச் சப்பலாம். விஞ்ச் (கிளைடரைத் தரையிலிருந்து கயிற்றால் இழுத்து மேலேற்றும் எந்திரம்) இழுக்கும்போதும் இறங்கும்போதும் மட்டும் வாயில் எதுவும் இருக்கக் கூடாது.

உண்மையான மருந்து பழக்கம்தான். சின்னச் சின்னப் பறப்பாக, குமட்டல் தொடங்கும் முன்பே இறங்கி, அடுத்தடுத்த நாட்களில் திரும்பப் பறந்தால் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும். மழைக்கால இடைவெளிக்குப் பிறகு அக்டோபரில் திரும்ப வரும்போது அந்தப் பழக்கம் கொஞ்சம் கரைந்திருக்கும். முதல் வாரமே இரண்டு மணி நேரப் பறப்பைத் திட்டமிடாதீர்கள்.

இனி தண்ணீர்.

ஏப்ரலில் புனே களத்தில் வெயில் 38 டிகிரியைத் தொடும். வரிசையில் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில்தான், பறக்கும்போதைவிட அதிகமாக வியர்க்கும். மூடிய கேனபிக்குள் உட்கார்ந்து விஞ்ச் கயிற்றுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடம் அடுப்பில் வைத்த மாதிரி இருக்கும். மேலே போனதும் நிலைமை தலைகீழ். தெர்மல் வீசும் நேரத்தில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி குறையும். 1,500 மீட்டர் ஏறினால் 15 டிகிரி குளிர்ச்சி. காற்றும் வறண்டது, வியர்வை தோலில் நிற்காமலே போய்விடும். சட்டை காய்ந்திருக்கிறது, தாகம் தெரியவில்லை, அதனால் நீர்ச்சத்து இருக்கிறது என்று நினைக்கிறோம். உடம்பு எடையில் 2 சதவீதம், 70 கிலோ ஆளுக்கு 1.4 லிட்டர், போனாலே கவனமும் முடிவெடுக்கும் வேகமும் மங்கத் தொடங்கும். தலைவலி, சோர்வு, வாய் வறட்சி, கூடவே லேசான குமட்டல். இதைத்தான் 'எனக்கு ஏர் சிக்னஸ்' என்று பலர் எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

எவ்வளவு குடிப்பது? பறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு அரை லிட்டர். உபரி இருந்தால் ஏறும் முன்பே வெளியேறிவிடும். களத்தில் காத்திருக்கும்போது மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். மேலே, 15 நிமிடத்துக்கு ஒரு முறை நான்கைந்து மடக்கு, ஏறத்தாழ 100 முதல் 150 மி.லி. தெர்மலின் உச்சியை விட்டு நேராகக் கிளம்பும் தருணத்தை இதற்கு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். இறக்கை மட்டமாக இருக்கும், தலையும் நிமிர்ந்திருக்கும். ஒரேயடியாக அரை லிட்டரைக் கவிழ்க்காதீர்கள். ஏற்கெனவே சோர்ந்த வயிற்றில் அது அப்படியே தளும்பிக்கொண்டு நிற்கும். அடுத்த சுற்றில் திரும்ப வரும். ஒரு மணி நேரப் பறப்புக்கு ஒரு லிட்டரும் நான்கு மணி நேரத்துக்கு மூன்று லிட்டரும் நான் வைக்கும் கணக்கு. போதுமா என்பதைச் சிறுநீரின் நிறமே சொல்லும்: வெளிர் வைக்கோல் நிறம் சரி, நல்லெண்ணெய் நிறம் சரியில்லை. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போடுகிறவர்களுக்கு மட்டும் இந்தச் சோதனை பலிக்காது. எப்போதும் மஞ்சளாகத்தான் இருக்கும்.

பல மணி நேரம் வியர்த்த நாளில் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். அதுவும் தலைவலியும் குமட்டலுமாகத்தான் தொடங்கும். இரண்டு லிட்டருக்கு மேல் போனால் அதில் ஒன்றை ஓஆர்எஸ்ஸாக, அதாவது உப்பு-சர்க்கரைக் கரைசலாக மாற்றுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை ஒரு லிட்டருக்கு 20.5 கிராம்: உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. பொட்டலத்தின் பின்னால் இந்த எண்கள் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்று இல்லை. சர்க்கரை பல மடங்கு அதிகம், அது குமட்டலைக் கூட்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலம் முழுவதையும் முழு லிட்டரில்தான் கலக்க வேண்டும். பாதியைக் கொட்டினால் எந்த உப்பு எவ்வளவு விழுந்தது என்று தெரியாது. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தட்டிய டீஸ்பூனால் ஆறு சர்க்கரை, அரை உப்பு. ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: பறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன் மூன்று இட்லி, ஒரு வாழைப்பழம். பூரி மசாலும் கர்ஜத் நிலையத்து வடா பாவும் திரும்பி வரும்போது. சோடா, பட்டாணி, சுண்டல் வேண்டாம். தரையில் ஒரு பங்கு இருக்கும் வயிற்று வாயு 2,500 மீட்டரில் ஏறத்தாழ 1.27 பங்காக உப்பும். டப்பாவில் தயிர் சாதம் எடுத்துப் போகிறவர்கள் அதை நிழலில் வைத்துப் பதினொரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் கிடந்த தயிர் சாதத்தைத் தொடாதீர்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. மும்பை மாநகராட்சித் தண்ணீர் பாட்சா, வைதர்ணா, தான்சா போன்ற ஏரிகளிலிருந்து வந்து பாண்டுப்பிலும் பாஞ்ச்ராப்பூரிலும் சுத்திகரிக்கப்பட்டுக் குளோரினோடுதான் நம் கட்டடத்துக்கு வருகிறது. கெடுவது பெரும்பாலும் நம் கட்டடத்தின் தரைத் தொட்டியிலும் மொட்டைமாடித் தொட்டியிலும்தான். ஆகவே முதல் நாள் இரவு கொதிக்கவைப்பது நல்லது. கொப்பளித்துக் கொதிக்க ஆரம்பித்து ஒரு நிமிடம் போதும். பத்து நிமிடம் எரிவாயுவை வீணாக்க வேண்டியதில்லை. அதே பாத்திரத்தில் மூடி ஆறவைத்து, ஊற்றும்போது டம்ளரை முக்கி எடுக்காமல் சாய்த்து ஊற்றுங்கள். சீரகம் போட்டுக் கொதிக்கவைக்கும் வீட்டில் பறப்பதற்கான தண்ணீரை மட்டும் தனியாக வைக்கச் சொல்லுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

களத்திலும் குன்றிலும் கிடைக்கும் தண்ணீர் வேறு கதை. ஹடப்சர் கிளைடிங் மையம் நகரத்துக்குள் இருக்கிறது. பறக்கும் நாளைக் கேட்டுக்கொள்ளும்போதே குடிநீர் ஏற்பாட்டையும் கேட்டுவிடுங்கள். காம்ஷெட்டில் ஷிண்டேவாடி, டவர் ஹில் போன்ற பாராகிளைடிங் குன்றுகளில் நீங்கள் சுமந்து ஏற்றியதுதான் தண்ணீர். 2025 ஜனவரியில் புனேயின் சிங்ககட் சாலைப் பகுதியில் கியான்-பாரே நோய் பரவியது பலருக்கு நினைவிருக்கும். நோயாளிகள் பலரின் மாதிரிகளில் கேம்பிலோபேக்டர் என்ற பாக்டீரியா கிடைத்தது, அந்தப் பகுதிக் குடிநீர் மேல்தான் சந்தேகம் விழுந்தது. நரம்பைத் தாக்கிக் கைகாலை முடக்கும் நோய் அது. 'ஒரு நாள்தானே' என்று டேங்கர் தண்ணீரைக் குடிப்பதை அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பத்துப் பேர் கூடும் நாளுக்கு ஆளுக்கு நான்கு லிட்டர் என்று 40 லிட்டர், அதாவது இரண்டு கேன். கை கழுவ மூன்றாவது. கேன் வந்ததும் மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, தேதி அச்சாகியிருக்கிறதா, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லாத கேன் என்றால் யாரோ குழாயடியில் நிரப்பிய தண்ணீர். கேனை நிழலில் வையுங்கள். வெயிலில் இருந்தால் பாசி பிடிக்கும். கேன் மேல் மாட்டும் கைப் பம்பைத்தான் யாரும் கழுவுவதில்லை. அதன் உள்குழாயை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள், புரியும்.

ஐஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீரில் இவ்வளவு கவனமாக இருப்பவர்கள் கரும்புச் சாறிலும் மோரிலும் ஐஸ் போட்டுக் குடித்துவிட்டு வருகிறார்கள். சாலையோர ஐஸ் கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்தது, எந்தச் சாக்கில் இழுத்து வரப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது. உறையவைத்தால் கிருமி சாகாது. வேண்டுமென்றால் கொதித்த தண்ணீரையே வீட்டில் ஒரு பாட்டிலில் முக்கால் அளவு உறையவைத்துத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். மதியம் வரை மற்ற பாட்டில்களையும் அதுவே குளிர்விக்கும்.

எதுவுமே கிடைக்காத இடத்தில், உதாரணமாகக் களத்துக்குத் திரும்ப முடியாமல் எங்கோ ஒரு வயலில் இறங்கி மீட்பு வண்டிக்காகக் காத்திருக்கும்போது, குளோரின் மாத்திரை உதவும். ஒவ்வொரு மாத்திரையும் எத்தனை லிட்டருக்கு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். 20 லிட்டருக்கானதை ஒரு லிட்டர் பாட்டிலில் போட்டுக் குடிக்க முடியாமல் கொட்டுகிறவர்கள் உண்டு. சின்ன அளவு மாத்திரையாகக் கேட்டு வாங்கி, அட்டையிலேயே அளவைப் பேனாவால் எழுதிவிடுங்கள். கலங்கிய தண்ணீரில் குளோரின் அழுக்கோடு சண்டைபோட்டே தீர்ந்துவிடும். முதலில் தெளியவைத்து, நான்காக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். நம் ஊரில் தேற்றாங்கொட்டை உரசித் தெளியவைப்பார்கள். நல்ல வழி, ஆனால் அது தெளியவைக்கும், கிருமியைக் கொல்லாது. மாத்திரை போட்டபின் மூடியைச் சற்றே தளர்த்திப் பாட்டிலைச் சாய்த்து, திருகு மரையிலும் அந்தத் தண்ணீர் ஓடும்படி செய்யுங்கள். வாய் படும் இடம் அதுதான். 30 நிமிடம் கழித்து லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வரவே இல்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு போட்டு இன்னும் 15 நிமிடம் பொறுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு மசியாது. மெல்லிய இழைகள் கொண்ட 0.1 மைக்ரான் வடிகட்டி அதைப் பிடிக்கும், ஆனால் வைரஸைப் பிடிக்காது. ஆற்று, கிணற்றுத் தண்ணீர் என்றால் வடிகட்டி, பிறகு மாத்திரை; இரண்டும் வேண்டும்.

காக்பிட்டில் எதில் எடுத்துப் போவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எவர்சில்வர் பாட்டில் கூடாது. கையிலிருந்து நழுவினால் உருண்டு போய், வால் சுக்கானைத் திருப்பும் ரட்டர் பெடலுக்கு அடியிலோ ஸ்டிக்கின் அடிப்பகுதியிலோ சிக்கிக்கொள்ளும். முரட்டுத் தரையிறக்கத்தில் பின்னாலிருந்து தலையில் அடிக்கும். சரியானது தண்ணீர்ப் பை: இரண்டு லிட்டர், அகலமான வாய், உறிஞ்சுகுழாயோடு. அதை இருக்கைக்குப் பின்னால் அல்லது பக்கவாட்டில், பெல்ட் போட்டுக் கட்டி, குழாயைத் தோள் மேலாகக் கொண்டுவாருங்கள். குழாயை பாராசூட் பட்டையில் கிளிப் போட்டு மாட்டவே கூடாது. குதிக்க வேண்டி வந்தால் அது உங்களை விமானத்தோடு பிடித்துவைக்கும். காக்பிட் சுவரில், இழுத்தால் உடனே விடுபடும் வெல்க்ரோ துண்டில் செருகுங்கள். கேனபி கைப்பிடி, கயிறு விடுவிப்பு, ஏர்பிரேக் எதற்கும் குறுக்கே போகவில்லை என்று கையை முழுக்க நீட்டிப் பாருங்கள். பையில் காற்று விடாதீர்கள். நிரப்பியதும் தலைகீழாகப் பிடித்து உறிஞ்சிக் காற்றை எடுத்துவிடுங்கள். மேலே போகப் போகக் காற்று விரிந்து தண்ணீரை வாய் வழியே தள்ளும். அது சொட்டும் இடத்தில் பேட்டரியோ ரேடியோவோ இருக்கும்.

பைக்குள் வெறும் தண்ணீர் மட்டுமே. ஓஆர்எஸ், எலுமிச்சை, சீரகத் தண்ணீர் எல்லாம் குழாயின் உட்சுவரில் ஒரு படலத்தை விட்டுவைக்கும், பாக்டீரியாவுக்கு அதுவே தீனி. ஓஆர்எஸ்ஸைக் கசக்கக்கூடிய அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தனியாகப் பக்கப் பையில் வையுங்கள். கிளைடரின் எடையைக் கூட்ட இறக்கைத் தொட்டியில் நிரப்பும் தண்ணீரும் அதற்கான தோட்டக் குழாயும் குடிநீர்ப் பக்கமே வரக் கூடாது. மாதக்கணக்கில் ஈரமாகக் கிடந்த குழாய் அது.

வெளியேற்றும் ஏற்பாடு இல்லாமல் யாரும் போதுமான அளவு குடிக்க மாட்டார்கள், அதனால் அதையும் வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன். உறிஞ்சு பொடி போட்ட பயணச் சிறுநீர்ப் பைகள் ஆண், பெண் இருவருக்கும் கிடைக்கின்றன. சாய்ந்து கிடக்கும் இருக்கையில், பெல்ட்டோடு இவற்றைப் பயன்படுத்துவது நினைப்பதைவிடக் கடினம். வீட்டில் சாய்வு நாற்காலியில் ஒத்திகை பார்த்துவிடுங்கள். பெண்கள் பலருக்கும் நல்ல தரமான பெரியவர் டயப்பர்தான் நம்பகமானது. ஆண்கள் நீண்ட பறப்புக்கு ஆணுறை வகைக் கேதீட்டர் போடலாம். அளவு சரியாக இருக்க வேண்டும், குழாய் மடங்கக் கூடாது, முதல் முறை குளியலறையில் சோதித்துவிட வேண்டும். கிளைடருக்கு வெளியே வடியவிடும் குழாய் என்றால் அதன் முனை உடற்பகுதியை விட்டு விலகி இருக்கட்டும்; சக்கர அறைக்குள் சொட்டினால் உலோகம் அரிக்கும். இறங்கியதும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். பாட்டில் பயன்படுத்துகிறவர்கள் குடிக்கும் பாட்டிலிலிருந்து வடிவத்திலேயே வேறானதாக, பார்க்காமல் கையாலே அடையாளம் தெரியும்படி வாங்குங்கள்.

ஞாயிறு இரவு எவ்வளவு களைப்பாக இருந்தாலும் தண்ணீர்ப் பையைக் காலி செய்யாமல் தூங்காதீர்கள். மும்பை ஈரப்பதத்தில் ஒரு வாரத்தில் குழாய்க்குள் கறுப்புப் புள்ளிகள் வந்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி, குழாய் வழியாகவும் ஓடவிட்டு, மெல்லிய தூரிகையால் குழாயைத் தேயுங்கள். கடித்து உறிஞ்சும் ரப்பர் வாயைக் கழற்றித் தனியாக விரலால் தேய்க்க வேண்டும். வழவழப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். மாதம் ஒரு முறை, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வாசனை சேர்க்காத பிளீச் கலந்து பையிலும் குழாயிலும் நிரப்பிச் சில நிமிடம் விட்டு, வாடை போகும்வரை அலசுங்கள். காயவைக்கும்போது பைக்குள் ஒரு இடுக்கியை விரித்து வைத்தால் சுவர்கள் ஒட்டாது. மழைக்காலத்தில் காயவே காயாது என்றால், தண்ணீரை வடித்துவிட்டுப் பையையும் குழாயையும் ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். எதுவும் வளராது. இழை வடிகட்டியை மட்டும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். ஈர இழைகள் உறைந்தால் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

கடைசியாக, எது ஏர் சிக்னஸ், எது கெட்ட தண்ணீர் என்று பிரித்துப் பார்ப்பது. ஆட்டத்தால் வந்த குமட்டல் தரையில் கால் வைத்தபின் படிப்படியாக இறங்கும், அன்றிரவுக்குள் சரியாகிவிடும். காய்ச்சல் இருக்காது, வயிற்றுப்போக்கு இருக்காது. நோரோவைரஸ் என்றால் 12 முதல் 48 மணி நேரத்தில், கேம்பிலோபேக்டர் என்றால் பொதுவாக இரண்டு முதல் ஐந்து நாளில் தெரியும். அதாவது ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் புதன்கிழமை அலுவலகத்தில் வேலையைக் காட்டும். யாரும் களத்தை நினைக்க மாட்டார்கள். மருத்துவரிடம் போகும்போது எங்கே, என்றைக்கு, என்ன தண்ணீர் குடித்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கால் மரத்துப்போவது, படியேற முடியாமல் தளர்வது வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயிற்றுப்போக்கு நின்று இரண்டு முழு நாள் சாப்பாடும் தண்ணீரும் தங்கும்வரை பறக்க வேண்டாம். அதே கேனில் குடித்த மற்றவர்களையும் அன்றே போனில் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.